அஞ்சரைக்கும் நாலரைக்கும் நடுவே

ஆவுடை டீச்சரிடம் கும்பிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. சண்டை போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தவர் பொன்னுலிங்கம் ஒருவர்தான்.

தூத்துக்குடியில் அவருக்குப் பழைய இரும்புக் கடை. உடைத்த கப்பலின் தகட்டிலிருந்து ஓட்டைத் தகர டப்பா வரை அவர் தராசில் ஏறாத சாமான் கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே தபாலில் படித்தார், பட்டம் வாங்கினார், அது போதாதென்று மேலே ஒன்றும் வாங்கினார். தலை நரைத்து, மகன்கள் கடையைப் பார்க்கத் தொடங்கியதும், கல்லூரியில் துகள் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சரின் அறைக்குள் நுழைந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதினா ரெண்டும் காணாமப் போயி வெளிச்சமா ஆயிருதுங்காங்க. சரி. ரெண்டுக்கும் எடை உண்டுல்லா? அந்த எடை எங்க போச்சு? நான் எடை போட்டே வயித்தக் கழுவினவன். போன எடைக்கு எவனாவது பதில் சொல்லணும்."

டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தார்.

"எவ்வளவு நாளைக்கு இப்படிக் கோபமா இருப்பீங்க?"

"பதில் கெடைக்குத வரைக்கும்."

"அப்போ உக்காருங்க அண்ணாச்சி."

அன்றிலிருந்து அவர் டீச்சருக்கு மாணவர், டீச்சர் அவருக்கு ஆசான். கோபம் மட்டும் யாருக்கும் மாணவனாகவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. துகள்கள் மோதுவதைக் கோடுகளால் படம் போடுவார்கள். முன்னோக்கி அம்பு போட்ட கோடு எலக்ட்ரான், அம்பைத் திருப்பிப் போட்ட கோடு பாசிட்ரான், நெளிநெளியாய் ஓடுவது ஒளித்துகள். அந்தப் படத்தைக் காட்டி, 'இங்கே இது நடந்தது' என்று யாராவது வாய்விட்டால், விட்டவர் எழுந்துபோய்ப் பலகை முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். பொன்னுலிங்கத்தின் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் இல்லாத நாளே கிடையாது.

"நடக்காததை எதுக்கு டீச்சர் படம் போடணும்?"

"கணக்குப் போட."

"நடக்காததுக்குக் கணக்கா?"

"உள்ளே என்ன போச்சுன்னு தெரியும். வெளியே என்ன வந்துச்சுன்னு தெரியும். நடுவுல யாரும் எட்டிப் பார்க்கலை. அந்த நடுவுக்கு இது போட்டோ இல்லை. கணக்கைப் பிரிச்சு எழுத ஒரு வசதி."

"நீங்களே வசதிக்குப் போட்ட படம். அதைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்லிட்டா குத்தம். நல்ல நியாயம்."

முணுமுணுத்தபடியே துடைப்பார். அழிப்பான் பலகையில் மோதுகிற சத்தம் வராந்தா வரை கேட்கும்.

அதே அறையில் ஜெனோவா என்று ஒரு பெண்ணும் படித்தாள். பொன்னுலிங்கத்தின் மூத்த மகனைவிட இளையவள். அப்பா கடலுக்குப் போகிறவர். கணக்கில் அவசரப்பட மாட்டாள். வாயில் விட்டுக்கொடுக்க மாட்டாள். வங்கியில் வேலை கிடைத்தும் போகாமல் இங்கே உட்கார்ந்திருந்தாள். வருகிற திங்கட்கிழமையோடு அந்த வேலையும் கைநழுவிப் போய்விடும். வீட்டில் தினமும் ஏச்சு.

இருவருக்கும் சேர்த்து டீச்சர் ஒரு கணக்குக் கொடுத்தார்.

ஒரு எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் எதிரெதிரே வந்து மோதுகின்றன. வெளியே வருவதும் ஒரு எலக்ட்ரான், ஒரு பாசிட்ரான். வந்த வழிக்கு நேர் குறுக்காகத் தெறிப்பவை எவ்வளவு என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடம் இயந்திரம் வைத்து அளந்த எண் இருக்கிறது. கணக்கு அதோடு பொருந்த வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியூர்ப் பேராசிரியர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இருவரும் சேர்ந்து நின்று விடை சொல்ல வேண்டும். சொன்னால் ஆராய்ச்சியில் தொடரலாம். இல்லாவிட்டால் இருவரும் வீட்டுக்குப் போகலாம்.

இந்த மோதலுக்குப் படம் இரண்டு. முதல் படத்தில் வந்த இரண்டு கோடும் ஒரு புள்ளியில் சேர்ந்து அழிந்து, ஒரே நெளிகோடாகி, அந்த நெளிகோடு மறுபடி இரண்டாகப் பிரிகிறது. இரண்டாவது படத்தில் யாரும் அழிவதில்லை. இரண்டு கோடும் தன்தன் வழியே போகின்றன. நடுவே ஒரு நெளிகோடு, ஒருவர் எறிந்ததை மற்றவர் பிடித்த மாதிரி.

"ரெண்டு படத்தையும் சேர்ந்து போடுங்க" என்றார் டீச்சர்.

வராந்தாவுக்கு வந்ததும் பொன்னுலிங்கம் பேரத்தை ஆரம்பித்தார்.

"ஏ பிள்ள, முதல் படம் எனக்கு. ரெண்டாவது உனக்கு."

"சேர்ந்து போடச் சொன்னாங்களே அண்ணாச்சி."

"சேர்ந்துன்னா? ஒரே பேனாவ ரெண்டு பேரும் பிடிக்கவா? கப்பல் உடைக்கும்போது முன்பாதி ஒருத்தன் எடுப்பான், பின்பாதி ஒருத்தன் எடுப்பான். அவனவன் வெட்டி, அவனவன் எடை போட்டுக் கொண்டாருவான். கடைசில கூட்டினா முழுக் கப்பல். இதுல என்ன கஷ்டம்?"

"இது கப்பல் இல்லையே."

"எல்லாம் கப்பல்தான். நீ உன் பாதியப் பாரு."

அவர் குரலுக்கு முன்னால் நின்று பேசச் சோம்பி அவள் தலையாட்டிவிட்டாள். அவர் கடையில் உட்கார்ந்து தன் படத்தைப் போட்டார். அவள் வீட்டில் உட்கார்ந்து தன் படத்தைப் போட்டாள். இருவரும் முழுசாக முடித்து, விடையை மட்டும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மதியம் மாணவர்கள் உட்காரும் பக்கத்து அறைக்கு வந்தார்கள்.

அவர் விடை அரை. அவள் விடை அஞ்சு. கூட்டினால் அஞ்சரை.

அளந்து வைத்த எண் நாலரை.

பொன்னுலிங்கம் முதலில் இயந்திரத்தின் மேல் பாய்ந்தார்.

"எடையில குறைக்கான். வெளிநாட்டுக்காரன்னா தராசுல விரல் வைக்க மாட்டானா?"

"அங்க தராசே இல்ல அண்ணாச்சி. வந்து விழுறதை எண்ணுதாங்க."

"எண்ணுதவனுக்கும் கண்ணு அசரும்."

"ஒரு இடத்துல மட்டும் எண்ணலை. எங்க எண்ணினாலும் இதே எண்தான்."

அவர் தாளையே முறைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. பேரத்தில் எதிராளியின் கையிருப்பு தெரிந்துவிட்டால் வருமே, அந்தச் சூடு ஏறியது.

"இங்க பாரு. என் அரையத் தூக்கித் தூரப் போடு. போட்டாச்சா? மிச்சம் என்ன?"

"அஞ்சு."

"மெஷின் என்ன சொல்லுது?"

"நாலரை."

"அப்போ நான் இந்த ஊர்லயே இல்லேன்னு வச்சுக்கிட்டாலும் உன் சரக்கு மட்டுமே கூடுதலா நிக்கி. தப்பு யாருட்ட இருக்கு? சொல்லு."

ஜெனோவா தன் கூட்டலை மறுபடி போட்டுப் பார்த்தாள். தாளை எடுத்தாள், வைத்தாள். "என் கணக்குல தப்பில்ல" என்றாள்.

"தப்பில்லாம எப்படிட்டி கூடும்? வலைய விரிச்சா மீனு, பாசி, கல்லு எல்லாத்தையும் அள்ளிக் கூடையில போட்டு எடை காட்டுத புத்தி. அது எங்க போகும்?"

அறைக்கு வெளியே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"எங்கப்பாவ எதுக்கு இழுக்கீங்க?"

"நான் யாரையும் இழுக்கல. கணக்கச் சொன்னேன்."

"நானும் கணக்கச் சொல்லவா? கட்டைவிரல வைக்காம என்னைக்காவது ஒரு நாள் எடை போட்டிருக்கீங்களா அண்ணாச்சி? பழைய பேப்பர்க்காரம்மா உங்க கடைய எட்டிப் பார்த்தாலே காறித் துப்பிட்டுத்தான் போகும். எடை எங்க போச்சுன்னு நீங்க வந்து கேட்டீங்களாம். ஊரே உங்களைக் கேட்டுக்கிட்டு இருக்கு."

வெளியே நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

பொன்னுலிங்கத்துக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. "இந்தச் சொத்தைக் கணக்கோட ஒட்டிக்கிட்டு நான் நாளைக்கு நாலு பேரு முன்னால நிக்க மாட்டேன்."

ஜெனோவா பையை எடுத்துத் தோளில் போட்டாள். அறைச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"நிக்க வேண்டாம். நான் வங்கிக்கே போறேன்."

அவள் படியிறங்கிப் போவதைப் பார்க்கக்கூட நிற்காமல், இரண்டு பேர் தாளையும் அள்ளிக்கொண்டு அவர் டீச்சரிடம் போனார். கதவைத் தட்டவில்லை.

"அவ பேர எடுங்க. இல்லேன்னா என் பேர எடுங்க. ரெண்டுல ஒண்ணு."

டீச்சர் தாள்களை வாங்கவில்லை. எழுந்து பலகைக்குப் போய் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அழிப்பானை அவர் கையில் கொடுத்தார்.

"எது தப்போ அதை அழிங்க."

அவர் யோசிக்கவே இல்லை. ஜெனோவாவின் படத்தை அழித்தார்.

"இப்போ எவ்வளவு?"

"அரை."

"இயந்திரம்?"

"நாலரை."

டீச்சர் அவள் படத்தை மறுபடி போட்டுவிட்டுக் காத்திருந்தார். பொன்னுலிங்கம் வேண்டா வெறுப்பாகத் தன் படத்தை அழித்தார்.

"இப்போ?"

"அஞ்சு."

"இயந்திரம்?"

"அதான் நாலரைன்னு தெரியுமே. என்னை வச்சு விளையாடுதீங்களா?"

"சத்தத்தைக் குறைங்க."

டீச்சரின் குரல் உயரவில்லை. ஆனால் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக முறிந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. அவருக்கும் கோபம் இருக்கிறது என்பது அப்போதுதான் பொன்னுலிங்கத்துக்குத் தெரிந்தது. பொன்னுலிங்கத்தின் படத்தை டீச்சரே திரும்பப் போட்டு, அதற்குக் கீழே மூன்று கட்டம் வரைந்தார்.

துகளுக்குச் சுழல் என்று ஒன்று உண்டு. எந்தச் சுழலோடு உள்ளே போய் எந்தச் சுழலோடு வெளியே வருகின்றன என்பதில் மூன்று விதம். ஒவ்வொரு விதத்துக்கும் ஓர் எண் வரும், அதை வர்க்கம் போட்டால்தான் எவ்வளவு தெறிக்கும் என்று தெரியும். இது பொன்னுலிங்கத்துக்குத் தெரிந்ததுதான். அவர் கணக்கிலும் அந்த மூன்று விதம் இருந்தது, அவள் கணக்கிலும் இருந்தது.

"முதல் கட்டத்துல யாரு பேசுறா?"

"நான் மட்டும். அவ படத்துக்கு அங்க வேலை இல்ல."

"எவ்வளவு?"

"கால்."

"கடைசி விடை வேண்டாம். வர்க்கம் போடுறதுக்கு முந்தின எண்ணைச் சொல்லுங்க."

"அரை. அரையை வர்க்கம் போட்டா கால்."

"ரெண்டாவது கட்டம்?"

அவர் ஜெனோவாவின் தாளைப் புரட்டினார். "அவ மட்டும். முந்தினது ரெண்டு. வர்க்கம் போட்டா நாலு."

"இந்த ரெண்டு கட்டத்துலயும் உங்களுக்கும் அவளுக்கும் சண்டை உண்டா?"

"இல்ல."

"மூணாவது?"

"அதுல ரெண்டு பேரும் பேசுதோம். நான் அரை, வர்க்கம் கால். அவ ஒண்ணு, வர்க்கமும் ஒண்ணு. கூட்டினா ஒண்ணேகால். ஆக மொத்தம் நாலு, கால், ஒண்ணேகால், அஞ்சரை. இதைத்தான் நானும் தொண்டை கிழியச் சொல்லுதேன்."

"வர்க்கத்தை எங்க வச்சுப் போட்டீங்க?"

"கடையில."

"அவ?"

"அவ வீட்ல."

"வர்க்கம் போடுறதுக்கு முந்தி அந்த அரைக்கு என்ன குறி?"

"குறி எதுக்கு? கூட்டலோ கழித்தலோ, வர்க்கம் போட்டா எல்லாம் கூட்டல்தானே. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

டீச்சர் மூன்றாவது கட்டத்தைச் சாக்பீஸால் தொட்டுக் காட்டினார். பொன்னுலிங்கம் அதைப் பார்த்தார். தான் இப்போது சொன்ன வாக்கியம் பலகைக்கும் தனக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"முதல் படத்துல ரெண்டு முனையை இடம் மாத்திக் கட்டினா என்ன வரும்?" என்றார் டீச்சர்.

"ரெண்டாவது படம்."

"இந்த வகைத் துகளுக்கு முனை இடம் மாறினா?"

"குறி மாறும்." குரல் இறங்கியிருந்தது. "படிச்சிருக்கேன்."

டீச்சர் மூன்றாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். பக்கத்தில் அரை என்று எழுதி, அதன் முன்னால் கழித்தல் போட்டார்.

"எனக்கு எதுக்குக் கழித்தல்?" என்றார் பொன்னுலிங்கம். வாய் சும்மா இருக்குமா. "அவளுக்குப் போடுங்க."

டீச்சர் தட்டாமல் அழித்தார். அரைக்குக் கூட்டல், ஒன்றுக்குக் கழித்தல்.

"போட்டாச்சு. ரெண்டையும் சேருங்க."

"கழித்தல் அரை."

"வர்க்கம்?"

"கால்."

"முன்னால மாதிரி உங்களுக்கே கழித்தல் போட்டா?"

"ஒண்ணுல அரை போனா அரை. அதுவும் கால்தான்."

"யாருக்குப் போட்டாலும் இயந்திரத்துக்கு ஒண்ணுதான். உங்க படத்தைத் தனியாப் பார்த்தா இந்தக் குறி கிடையாது. அவ படத்தைத் தனியாப் பார்த்தாலும் கிடையாது. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் இருக்கு."

பொன்னுலிங்கம் சாக்பீஸை வாங்கினார். ஒண்ணேகாலை அடித்துவிட்டுக் கால் என்று எழுதினார். மேலே உள்ள நாலையும் காலையும் சேர்த்துக் கூட்டினார். விடைக்குக் கீழே கோடு போட்டார். கோடு வளைந்து போயிற்று.

நாலரை.

வேறொரு ஆளாக இருந்தால் இதற்குப் பிறகு கோபம் இறங்கியிருக்கும். அவருக்கு ஏறியது.

"யாராவது ஒருத்தர் தப்புச் செஞ்சிருந்தா நான் கண்டுபிடிச்சு அவ மூஞ்சியில அடிச்சிருப்பேன். இல்ல, என் மூஞ்சியிலயாவது அடிச்சிருப்பேன். ரெண்டு பேரும் தப்பே செய்யலை டீச்சர். வரிக்கு வரி சரி. தப்பே செய்யாத ரெண்டு பேரு இம்புட்டுப் பெரிய தப்ப எங்கிருந்து கொண்டாந்தோம்?"

"தனித்தனியா வர்க்கம் போட்டதுல குறி போச்சு. உங்களைச் சேர்ந்து போடச் சொன்னேன்."

"சேர்ந்துதான…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

சன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், நிறுத்தத்தில் ஜெனோவா நின்றுகொண்டிருந்தாள். பையை முன்னால் பிடித்திருந்தாள். பேருந்து இன்னும் வரவில்லை.

"இன்னைக்கு ஏறினா அவ திரும்ப மாட்டா" என்றார் டீச்சர்.

"தெரியும்."

"நாளைக்கு அவங்க முன்னால நீங்க இந்த விடையைச் சொல்லலாம். விடை உங்க கையில இருக்கு. அவ வேண்டியதில்லை."

பொன்னுலிங்கம் பலகையைப் பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் அவள் எண்ணும் அவர் எண்ணும் ஒட்டி நின்றன. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைச் சொல்ல வாய் வராது என்று அவருக்குத் தெரிந்தது. அதுவும் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"சரி. போயி, தப்பு பூரா என்னோடதுன்னு சொல்லிருதேன். காலுல விழுன்னு சொன்னாலும் விழுதேன்."

"பூரா உங்களுதா?"

"…இல்ல. நானும் வாயக் குடுத்தேன். ஆனா நான் தராசுல விரல் வைக்குதேன்னு அவ சொன்னா, டீச்சர். அத்தன பேரு கேக்க. அது இன்னும் இங்க நிக்கி." நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

"பிறகு எதுக்குப் பூராவும் உங்களுதுன்னு சொல்லணும்?"

"முடிச்சு விடணும்லா. பேரம் முறியப் போகுதுன்னா யாராவது ஒரு ஆளு விலைய இறக்கி முடிச்சு வைக்கணும். நான் வீட்லயே கணக்குப் போட்டு, இவ்வளவுதான்னு மனசுல முடிவு பண்ணிக்கிட்டுத்தான் எந்தப் பேரத்துக்கும் போவேன்."

"வீட்லயேவா?" என்றார் டீச்சர். அந்த ஒரு சொல் அவரைக் குத்தியது. பலகையை விட்டுத் திரும்பினார்.

"என் கோபம் உங்களுக்குத் தெரியும். இப்படியே போனா இன்னும் ரெண்டு வார்த்தை வந்துரும். அவளும் சும்மா விட மாட்டா. இன்னைக்கு வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன். சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சா இந்தச் சூடு ஆறிரும். ஆறின மனசோட காலையில அவ வீட்டுக்கே போயிப் பக்குவமாப் பேசுதேன்."

தெருமுனையில் பேருந்தின் ஹாரன் கேட்டது. ஜெனோவா ஓரடி முன்னால் வந்து கையைத் தூக்கினாள்.

டீச்சர் கதவை அகலத் திறந்தார்.

"தனியா ஆறினா குறி போயிடும் அண்ணாச்சி."